மாலையைக் கழற்றாத சாமி

சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் சுடலையின் மன உறுதியைப் பற்றி இரண்டு கருத்துகள் நிலவின. இரண்டையும் சொன்னவர்கள் ஒரே ஆட்கள்தான். சித்திரையில் கேட்டால், "அவனா? காத்துல பிராந்தி வாடை வந்தா, காத்து வந்த தெசையிலயே நடந்து போயிருவான்" என்பார்கள். அதே வாய்கள் கார்த்திகையில், "சுடலைச்சாமியா? வைராக்கியம்னா அதுல்லா வைராக்கியம்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இரண்டும் உண்மை. சிக்கலே அதுதான்.

பத்து மாதத்துக்கு சுடலையால் ஒரு சாயங்காலத்தைக்கூட வறட்சியாகக் கடத்த முடியாது. ஜீப்பை நிறுத்திச் சாவியை உருவி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டதும் கால்கள் தாமாகத் திரும்பிவிடும். அவன் அவற்றோடு போவான், அவ்வளவுதான். ஆனால் கார்த்திகை முதல் தேதி துளசிமணி மாலை கழுத்தில் விழுந்துவிட்டால், அதே கால்கள் அதே மதுக்கடையை ரேஷன் கடையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போகும். மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வரும் குளிரில், விடியுமுன் பச்சைத் தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வான். மீன் இல்லை, கறி இல்லை, பீடி இல்லை, செருப்பு இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. ஜீப் ஓட்டுகிறவன் கெட்ட வார்த்தையை விடுவது குடியை விடுவதைவிடப் பெரிய காரியம் என்பது கொழுக்குமலைப் பாதையில் ஒருமுறை குலுங்கியவர்களுக்குத் தெரியும்.

தையில் மலைக்குப் போய்த் திரும்புவான். தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றுவார்கள். உடைத்த இடத்தில் ஈரம் காய்வதற்குள் அருண்பாண்டி வந்து நிற்பான். அருண்பாண்டியும் ஜீப் டிரைவர்தான். சுடலை அவனுக்கு மாப்பிள்ளை முறை. ஆனால் அவனுடைய முழுநேர வேலை சுடலைக்காகக் காத்திருப்பது.

பெயரிலேயே ஒரு முரண் உண்டு. சுடலை என்பது அவனுடைய குலசாமியின் பெயர். திருநெல்வேலிப் பக்கத்தில் நிற்கும் அந்தச் சாமிக்குப் படையலில் சாராயமும் சுருட்டும் இல்லாவிட்டால் பொல்லாத கோபம் வருமாம். ஆக, பத்து மாதம் பெயருக்கு நியாயம் செய்துவிட்டு, மீதி இரண்டு மாதம் வேறொரு சாமிக்கு விசுவாசமாக இருந்தான். இரண்டு சாமிகளும் இதுபற்றி எதுவும் சொல்லவில்லை. சொன்னது ஜீப் ஸ்டாண்டுதான்.

கொழுக்குமலை உச்சியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை விடியற்காலை இருட்டிலேயே ஏற்றிக்கொண்டு போகவேண்டும். அந்த வழியைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காக. ஒரு வருடம் பங்குனியில், கொச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் சுடலையின் ஜீப்பில் ஏறி, மூக்கைச் சுளித்து, உடனே இறங்கிக்கொண்டது. "இது இன்னைக்கு வாடை இல்ல சார், நேத்தைய வாடை" என்று சுடலை கொடுத்த விளக்கம் எடுபடவில்லை. ஸ்டாண்டு கூடி விதி போட்டது. வண்டி எடுக்குமுன் ஒவ்வொரு டிரைவரும் செக்ரட்டரி பெரியமுத்துவின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊத வேண்டும். வாடை வந்தால் அன்று டிரிப் கிடையாது. மூன்றாம் முறை வந்தால் டோக்கன் போய்விடும். டோக்கன் போனால் வரிசையில் இடமில்லை. வரிசையில் இடமில்லாத ஜீப் மலையேற முடியாது. மலையேறாத ஜீப்பை வைத்துக்கொண்டு அதில் கோழி அடைக்கலாம்.

ஊதிப்பார்க்கும் கருவி ஒன்று வாங்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, "எதுக்குடே மிஷினு? எனக்கு மூக்கு இல்லையா?" என்று பெரியமுத்து கேட்டுவிட்டார். அவர் செக்ரட்டரி மட்டுமல்ல, குருசாமியும்கூட. கார்த்திகையில் எல்லோர் கழுத்திலும் மாலை போடுகிற கை அவருடையது. அவரும் குடிப்பவர்தான். ஆனால் ஒழுங்காகக் குடிப்பவர்: ஞாயிற்றுக்கிழமை, அல்லது யாராவது செத்தால்.

விதி வந்த அந்தப் பங்குனியிலேயே ஒன்று, ஆடியில் ஒன்று என்று சுடலை இரண்டு முறை மாட்டிவிட்டான். இன்னும் ஒரே ஒரு முறைதான் பாக்கி.

அவன் மனைவி ஆனந்தி தேயிலை கொழுந்து கிள்ளுகிறவள். எதை எந்த இடத்தில் கிள்ளவேண்டும் என்று தெரிந்த கை. ஆடி முடியுமுன் அவனைக் கையைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். குடியை நிறுத்த ஆலோசனை சொல்ல அடிமாலியிலிருந்து ஷீனா என்றொரு பெண் அங்கே வாரம் ஒருமுறை வருவாள். மலையாளி, தமிழும் பேசுவாள், இரண்டையும் பிரிக்காமல்.

ஷீனாவின் மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் மூளை இருந்தது. நெற்றிப் பக்கம் ஒரு துண்டைக் காணோம்.

"இதாணு நம்ம மூளை, சுடலைச் சேட்டா. முன்னால ஒரு பீஸ் இருந்துச்சு. ஸ்கூல் கேம்ப்புக்குக் கொண்டு போனப்ப யாரோ அடிச்சுக்கொண்டு போயிட்டாங்க. அதுதான் 'வேண்டாம்'னு சொல்ற பாகம்."

"அப்ப அச்சு அசலா என் மூளையேதான் மேடம்" என்றான் சுடலை.

"மேடம், இவருக்கு மனசுல உறுதி இல்லன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுங்க, நான் போறேன்" என்றாள் ஆனந்தி. "கொழுந்து எடை போடுற நேரம்."

ஷீனா அவளை உட்காரச் சொன்னாள். பிறகு சுடலையிடம், குடித்தால் சந்தோஷம் வருகிறதா என்று கேட்டாள்.

"முன்ன வந்துச்சு."

"இப்போ?"

சுடலை யோசித்தான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் ஏன் குடிக்கிறாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "இப்ப குடிக்கதுக்கு முன்னாடி இருக்க மாதிரி குடிச்சப்புறம் இல்ல மேடம். குடிக்கப் போறோம்ங்கறப்ப ஒரு இது வரும்லா, அதோட சரி."

ஷீனா மேசையைத் தட்டினாள். மூளைக்குள் ஊறும் டோபமின் என்ற சரக்கைப் பற்றி ஊரெல்லாம் தப்பாகப் பேசுகிறார்கள், அது இன்பத்தின் ரசம் இல்லை, தேடலின் ரசம் என்றாள். விஷயம் கையில் கிடைத்தபோது ஊறுவதைவிட, கிடைக்கப்போகிறது என்ற சாடை தெரிந்தபோதுதான் அது அதிகம் ஊறும். சுடலைக்கு அந்தச் சாடை சாவியை உருவும் சத்தம், சாயங்கால வெளிச்சம், அருண்பாண்டியின் விசில். மன உறுதி என்பது போனில் இருக்கும் சார்ஜ் மாதிரி, செலவழித்தால் தீர்ந்துவிடும் என்று விஞ்ஞானிகள் ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். பிறகு பல ஊர்களில் ஒரே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தால், சார்ஜ் இறங்குவது சரியாகத் தென்படவே இல்லை. மூளையின் நடுவில், இரண்டு பாதிகளும் சேரும் பக்கம் ஒரு பகுதி உண்டு. பிடிக்காத வேலையைப் பிடிவாதமாகச் செய்யும்போது அது சுறுசுறுப்பாகிறது. செய்யச் செய்ய அது வளரும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

"வளருமா மேடம்?"

"வளரலாம். சத்தியம் பண்ண மாட்டேன்." ஷீனா பொய் சொல்லாத பெண். அதனாலேயே அவளிடம் கூட்டம் இல்லை. "சேட்டன் எப்பவாவது தொடர்ந்து குடிக்காம இருந்திருக்கீங்களா?"

"வருஷா வருஷம் ரெண்டு மாசம். மாலை போட்டா தொட மாட்டேன்."

"அந்த ரெண்டு மாசமும் ஆசைய அடக்கி அடக்கிக் கஷ்டப்படுவீங்களா?"

"ஆசையே வராதே மேடம். கல்யாணம் ஆன மதினிய நாம பொண்ணு பாக்கப் போறதில்லைல்லா, அது மாதிரி. அது நமக்குள்ளது இல்லன்னு ஆயிருது."

"கண்டோ! அதாணு!" ஷீனா எழுந்தே விட்டாள். மன உறுதி உள்ளவர்கள் என்று நாம் கும்பிடுகிறவர்கள் நம்மைவிட அதிகமாகப் போராடுவதில்லை என்றாள். போராட்டம் வராத இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாலை செய்வது அதைத்தான். குடிப்பதா வேண்டாமா என்ற கேள்வியை அது எடுத்துவிடுகிறது. அருண்பாண்டி நீட்ட மாட்டான், வீட்டில் எதிர்பார்க்க மாட்டார்கள், ஊரே சாமி என்று கூப்பிடும். சாமி எப்படிக் கிளாஸைத் தேடுவார்?

ஷீனா சொல்லவந்தது, மாலை செய்கிற வேலையை மாலை இல்லாமல் செய்ய வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது. சுடலை எடுத்துக்கொண்டது, மாலையே இருக்கும்போது எதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பது.

அந்தக் கார்த்திகையில் மாலை போட்டான். தையில் மலையிலிருந்து திரும்பினான். பெரியமுத்து தேங்காயோடு வந்து, "தலையக் குனி சாமி, கழட்டிருவோம்" என்றார்.

"இன்னைக்கு வேண்டாம் குருசாமி. மனசு சரியில்ல."

மறுநாளும் மனசு சரியில்லை. அடுத்த வாரம் நாள் சரியில்லை. மாசியில் கேட்டபோது, "மாசா மாசம் நடை தெறக்குல்லா குருசாமி? எப்பவேணா கூப்பிடுவாரு. தயாரா இருக்கணும்" என்றான். இதற்கு எதிராகச் சாஸ்திரம் எதுவும் பெரியமுத்துவின் கைவசம் இல்லை. நாளாக நாளாகத் தாடி நெஞ்சைத் தொட்டது. கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக ஜீப் ஓட்டுகிறவனோடு வடநாட்டுப் பயணிகள் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஒரு குடும்பம் கைக்குழந்தையை அவன் காலில் போட்டது. தினமும் விடியற்காலை பெரியமுத்துவின் முகத்துக்கு நேரே ஊதினான். திருநீறும் துளசியும்தான் மணத்தன.

அருண்பாண்டிக்குத்தான் பொறுக்கவில்லை. "எப்ப மாப்ள எறங்கி வருவ?"

"எதுலேருந்து சாமி?"

"என்னையும் சாமிங்காதலே. அழுகையா வருது."

இவ்வளவு சுலபமான வைராக்கியத்தின் செலவு யார் கணக்கில் போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. அது ஆனந்தியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. கொழுந்துக்கூடைக்கு முன்னால் அதையும் தூக்க வேண்டும். அவள் விடியுமுன் குளித்தால்தான் அடுப்பு மூட்டலாம். வீட்டில் கருவாடு இல்லை, முட்டை இல்லை. எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, ஓர் அடுப்படி. அந்த அறையில் சாமிக்குத் தனிப் பாய். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் அவள் வீட்டில் இருக்கக்கூடாது. தேவிகுளத்தில் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும், அங்கிருந்து வேலைக்கு வர வேண்டும். இரண்டு மாதம் என்றால் பல்லைக் கடித்துக்கொள்வாள். பங்குனியும் போய்ச் சித்திரை வந்துவிட்டது.

"ஏங்க சாமி" என்றாள் ஒருநாள், தட்டில் சோற்றைக் கொட்டியபடி. "நீங்க குடிக்காம இருக்கதுக்கு நான் எத்தன வெரதம் இருக்கணும்?"

"டோக்கன் போயிருச்சின்னா என்ன பண்ணுவ சாமி?"

"டோக்கன் இருக்கு. புருசனத்தான் காணோம்."

சுடலை சோற்றைப் பிசைந்தான். சாப்பிடும்போது சாமி பேசக்கூடாது என்று ஒரு விதி இருப்பது அவனுக்கு அப்போது நினைவு வந்தது.

சித்திரை நடுவில், மேட்டு லயத்துப் பெரியப்பா செத்துப்போனார். சுடலையின் அப்பாவுக்கு அண்ணன். வயதாகிப் படுத்து, படுத்தே அலுத்து, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். துக்கம் என்று பெரிதாக யாருக்கும் இல்லை, சுடலையைத் தவிர. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் மாலையைக் கழற்றியே ஆகவேண்டும்.

"அவரு எங்கிட்ட பேசியே பல வருஷம் ஆச்சே குருசாமி" என்றான் பெரியமுத்துவிடம்.

"பேசாட்டிப் பங்காளி இல்லன்னு ஆயிருமா?"

"பேசாத பங்காளிக்குப் பாதித் தீட்டுன்னு ஏதும் கெடையாதா?"

"தீட்டு என்ன தேங்காயாடே, பாதியா ஒடைக்க? குனி சாமி."

ஆனந்தி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பெரிய மாமா நல்ல மனுசன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "இருக்கையில நமக்கு ஒண்ணும் செய்யல. போகையில செஞ்சிட்டுப் போறாரு."

குனிவதற்கு முன் சுடலை வெளியே ஓடி ஷீனாவுக்குப் போன் போட்டான். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் பேசினாள்.

"மேடம், மாலையக் கழட்டுறாங்க. எழவு வீட்டுக்குப் போகணும். அங்க எல்லாவனும் குடிப்பான். நாளைக்குக் காலையில மொதல் வண்டி என்னுது. வாடை வந்தா முடிஞ்சிது."

"கழட்டட்டும் சேட்டா. 'குடிக்க மாட்டேன்'னு மட்டும் முடிவு பண்ணாதீங்க. அது போரா, பத்தாது."

"பின்ன?"

"கிளாஸ நீட்டுவாங்கல்லே, அந்த நிமிஷம் கை என்ன செய்யும்? அத இப்பவே முடிவு பண்ணுங்க. மூளைக்கு உபதேசம் இஷ்டமில்ல. வேலை சொன்னா கேக்கும்." பஸ் ஒரு வளைவில் திரும்பியது. லைன் அறுந்தது.

கழுத்து வெறுமையானதும் சுடலைக்குக் குளிர்ந்தது. மேட்டு லயத்தில் பகல் பதினோரு மணிக்கே மேளம் உச்சத்தில் இருந்தது. ஸ்டாண்டு முழுவதும் வந்திருந்தது. யாராவது செத்தால் குடிக்கும் பெரியமுத்து உட்பட. லயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய், கண் சிவந்து, பெரியப்பாவின் நல்ல குணங்களைப் புதிதாக நினைவுகூர்ந்தபடி திரும்பி வந்தார்கள்.

சுடலை கையைக் காலியாக விடவில்லை. விறகு தூக்கினான். பந்தல் கம்பைப் பிடித்தான். பாடையைத் தூக்கியபோது முன்கொம்பில் தோளைக் கொடுத்தான். வழியில் தோள் மாற்ற வந்தவர்களை, "நான் பாத்துக்கிறேன்" என்று விரட்டினான். "பெரியப்பா மேல இவ்வளவு பாசமாடே!" என்று ஒரு சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாதிவழியில் பாடையை இறக்கிவைப்பது வழக்கம். இறக்கினார்கள். கை காலியானது. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து அருண்பாண்டி எழுந்து வந்தான், கையில் எவர்சில்வர் டம்ளரோடு, ஐந்து மாதக் காதலோடு.

"மாப்ள. வந்துட்டியா."

டம்ளர் வாசனை மூக்கில் ஏறியது. சுடலையின் மூளையில் எது எது ஊற வேண்டுமோ அது அது ஊறியது. கைக்கு என்ன வேலை என்று அவன் சுற்றிலும் பார்த்தான். சங்கு ஊத வந்தவர் செடி மூட்டில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். சங்கு அவர் மடியில் கிடந்தது. சுடலை பாய்ந்து எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்து ஊதினான்.

எருமை கன்று போடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மேளக்காரர்களே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏலே சுடலை! பங்காளி சங்கு ஊதுற வழக்கம் எந்த ஊர்லடே?"

"மானம் போகுதுலே, கீழ வையி!"

அவன் வாயில் வேறு வேலை இருந்தது. சங்கு நின்றதும் கொடுக்கலாம் என்று அருண்பாண்டி டம்ளரோடு பக்கத்திலேயே நடந்தான். சங்கு நிற்கவில்லை. மூச்சு முட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது, கன்னம் வலித்தது. குடிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவே இல்லை. மாலை இருந்த காலத்தில் வராத ஆசை அத்தனையும் வட்டியோடு வந்து கூடவே நடந்தது. அதைத் தள்ளவும் இல்லை, அடக்கவும் இல்லை. ஊதினான். இடுகாட்டு வளைவில் அருண்பாண்டி பொறுமை இழந்து டம்ளரைத் தானே கவிழ்த்துக்கொண்டான். ஷீனா சொன்ன அந்த நடுப்பகுதி நிஜமாகவே வளரக்கூடியது என்றால், அன்றைக்குச் சுடலைக்குத் தலை கொள்ளாமல் போயிருக்கும். அது நிச்சயமில்லை. உதடு வளர்ந்தது, அது நிச்சயம்.

மறுநாள் விடியற்காலை ஸ்டாண்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் வண்டிக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த ஒரு குடும்பம் காத்திருந்தது: ராமாத்தாள் என்று ஓர் அம்மாள், சால்வைக்குள் சுருண்ட மகள், மருமகன். பெரியமுத்து தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். முந்தின நாள் பெரியப்பாவின் நினைவு அவருக்குள் இன்னும் பலமாக இருந்தது.

சுடலை வாயைத் திறந்து ஊதினான்.

பெரியமுத்து மூக்கை இழுத்தார். நிமிர்ந்தார். "அடிக்கே."

"என்ன அடிக்கு?"

"வாடை அடிக்குலே. மாலை எறங்கி ஒரு பொழுது தாங்கலியா ஒனக்கு? வாயப் பாரு, வீங்கிக் கெடக்கு. மூணாச்சு சுடலை. டோக்கனக் குடு."

"சங்கு ஊதுன வாய் அண்ணாச்சி! ஊரே பாத்துச்சே! ஏ அருண்பாண்டி, சொல்லுடே!"

அருண்பாண்டி சொல்லத் தயாராகத்தான் இருந்தான். நிற்கத்தான் முடியவில்லை. ஜீப் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள தங்கம்" என்றான். அதைச் சாட்சியமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

சுடலைக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அவன் மூளைக்கு வந்த யோசனைகளிலேயே மிகவும் தர்க்கமானது. குடித்தாலும் டோக்கன் போகிறது, குடிக்காவிட்டாலும் போகிறது. அப்புறம் எதற்குக் குடிக்காமல் இருப்பது? இதற்குப் பதில் ஷீனா சொல்லித்தரவில்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை, கையில் சங்கு இல்லை. வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். டோக்கனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கக் கால்கள் தயாராக இருந்தன. கால்களைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

"இன்னொருக்க மோந்து பாருங்க அண்ணாச்சி" என்றான். பெரியமுத்து கையை நீட்டியபடியே நின்றார். மறுபடி சொன்னான். "பாருங்க. நான் போக மாட்டேன்."

"ஏனுங்க" என்றது ஒரு குரல். ராமாத்தாள் ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தார். "வெடியறதுக்குள்ள போவோணும்னு எழுப்பிக் கூட்டியாந்துட்டு, இங்க என்னங்க பஞ்சாயத்து?"

"ஒண்ணுமில்லம்மா. டிரைவர் குடிச்சிருக்கானான்னு செக்கிங்."

"அதுக்கா இத்தன பேச்சு? நவுருங்க. எங்க ஊட்டுக்காரரு இருந்தவரைக்கும் தெனமும் நான் பாத்த வேலைதானுங்க இது." அவர் சுடலையின் முன்னால் வந்து நின்றார். "ஊதுங்க தம்பி."

ஊதினான்.

"சோப்பு வாசமுங்க. கூடப் பட்டினி வாசம். நேத்துச் சாப்புடலையாட்ட இருக்குதுங்க." நகர்ந்து, வரிசையில் நின்ற டிரைவர்களை, சந்தையில் தயிர்ப் பானைகளைப் பார்ப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். "இது நேத்து மத்தியானத்துதுங்க. இது மத்தியானமும் சாயங்காலமும் சேத்துங்க. இந்தத் தம்பிய மோந்து பாக்கவே வேண்டாமுங்க, புடிச்சுக்கோங்க, உழுந்துருவாரு." கடைசியில் பெரியமுத்துவின் அருகே வந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அட சாமீ. ஏனுங்க பெரியவரே, நீங்கதான் மத்தவங்கள மோந்து பாக்கறவருங்களா?"

ஸ்டாண்டே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. பிறகு யாரோ ஒருவன் முடியாமல் சிரித்துவிட்டான், அதோடு எல்லோரும்.

பெரியமுத்து மப்ளருக்குள் ஊதி முகர்ந்து பார்த்தார். நேர்மையான மனிதர். முகம் மாறிவிட்டது. "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தேம்மா" என்றார் மெதுவாக. "சரி, சுடலை. எடு வண்டிய."

அன்று மற்ற ஜீப்புகள் மலையேறினவா, எந்த விதிப்படி ஏறின என்பதைப்பற்றி ஸ்டாண்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

சுடலை முதல் கியரில் போட்டான். தேயிலைக் காட்டைத் தாண்டியதும் பாதை பாறையாக மாறியது. பின்னால் மருமகன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தான். முன்சீட்டில் ராமாத்தாள் வீட்டுத் திண்டில் சாய்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

"ஏந்தம்பி, முன்ன குடிச்சிட்டிருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"எப்ப உட்டீங்க?"

சுடலை யோசித்தான். ஐந்து மாதம் என்று சொல்லலாம். ஊர் அப்படித்தான் சொல்லும். ஆனால் விட்டது கழுத்து மாலை, அவன் இல்லை.

"நேத்து."

பின்னால் மருமகனின் பிரார்த்தனை சத்தமாகக் கேட்கத் தொடங்கியது.

"நேத்தா!" ராமாத்தாள் திரும்பி அவனை நன்றாகப் பார்த்தார். "அப்ப இன்னிக்கிங்க?"

"சாயங்காலம் ஆகட்டும்மா. அப்பத்தான் தெரியும்."

"சாயங்காலம் எதுக்குங்க தனியா ஒக்காந்திருக்கோணும்? எறங்குன கையோட எங்களத் தேவிகுளம், அப்புறம் காந்தல்லூர்னு சுத்திக் காட்டுங்க. ஊடு திரும்ப இருட்டிப்போகும்."

"வாறேன்மா."

"நாளைக்கு என்ன பண்ணுவீங்க? ஊட்ல பொம்பள இருக்கறாங்களா, பாத்துக்க?"

வளைவு ஒன்று வந்தது. சுடலை வண்டியை நிறுத்தி, பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, மறுபடி ஏற்றினான். கிழக்கே மேகத்துக்கு அடியில் ஒரு கோடு வெளுத்தது.

"அவ இத்தன மாசம் பாத்துட்டாம்மா" என்றான். "அவளுக்குக் கருவாட்டுக் கொழம்பு வைக்கணும்னு இருக்கு, வச்சிக்கிடட்டும். நாளைக்கு நாந்தான் பாக்கணும்."